காது அடைச்சிருக்கு!



வழக்கமாக இந்தப் பலகையில் ஒருவருக்கு ஒரு சார்ட்தான். இந்த முறை தமிழ் ஐயா எனக்கு மூன்று சார்ட் ஒதுக்கித் தந்திருக்கிறார். நின்றுகொண்டே படிக்க வேண்டியிருக்கும். கால் வலித்தால் இன்டர்வெல்லில் பாதி, சாப்பாட்டு நேரத்தில் மீதி என்று பிரித்துப் படியுங்கள். ஆனால் கட்டாயம் படியுங்கள். ஏன் என்றால், நம் பள்ளியில் நிறையப் பேர் வீட்டில் அப்பாவோ அண்ணனோ அக்காவோ கம்பெனி பஸ் ஏறுகிறவர்கள்தான்.

மார்ச் 3-ஆம் தேதி உலக செவித்திறன் தினம். 3.3 என்று எழுதிப் பாருங்கள், இரண்டு காது மாதிரியே இருக்கும். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் அந்தத் தேதியை எடுத்துக்கொண்டதாம். விலங்கியல் டீச்சர் இதைப் பிரேயரில் சொன்னபோது எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகு அப்பா ஞாபகம் வந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

"காது அடைச்சிருக்கு" என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். அது ஒரே வார்த்தைதான். ஆனால் அடைப்பு ஒன்று இல்லை. இதை நான் கற்றுக்கொண்டது இரண்டு பேர் காதில் இருந்து. ஒன்று என் காது, இன்னொன்று என் அப்பாவின் காது.

என் காதில் இருந்து தொடங்குகிறேன்.

போன கார்த்திகையில் நல்ல மழை. எங்க ஊர் ஏரி ரொம்பி கலங்கல் போனது. ஞாயிற்றுக்கிழமை நானும் என் நண்பர்களும் கலங்கலில் இறங்கி மதியம் வரைக்கும் ஒரே ஆட்டம். வீட்டுக்கு வந்து தலை துவட்டும்போது வலது காதில் 'டப்' என்று ஏதோ மூடிக்கொண்டது. நான் பேசுவது எனக்கே குடத்துக்குள் பேசுகிற மாதிரி கேட்டது.

தண்ணிதானே என்று நினைத்து, தலையைச் சாய்த்து ஒற்றைக் காலில் குதித்தேன். ஒன்றும் வரவில்லை. ஆயா, "நல்லெண்ணெயில பூண்டு தட்டிப் போட்டு காச்சி ரெண்டு சொட்டு வுடறேன், செத்த படு கண்ணு" என்றது. பக்கத்து வீட்டு அண்ணன் பைக் சாவியை நீட்டினார். அதால்தான் அவர் தினமும் காது குடைவாராம். நான் படித்தவன் ஆயிற்றே! கடைக்குப் போய் பட்ஸ் வாங்கி வந்து, நன்றாக உள்ளே விட்டுச் சுற்றினேன். அதோடு கொஞ்சநஞ்சம் கேட்டதும் போய்விட்டது.

மூன்று நாள் அப்படியே பள்ளிக்கு வந்தேன். ஒரு நாள் சார் என்னை எழுந்திருக்கச் சொன்னது என் காதில் விழவே இல்லை. பக்கத்தில் இருந்தவன் கிள்ளிய பிறகு எழுந்தேன். கேள்வி என்ன என்று தெரியாமல், வேறு ஏதோ பாடத்தில் இருந்து ஒரு பதிலைச் சொன்னேன். வகுப்பே சிரித்தது. அது பரவாயில்லை. அன்று சாயங்காலம் ஒரகடம் கூட்ரோட்டில் ரோடு கிராஸ் பண்ணும்போது ஒரு ஹாரன் கேட்டது. எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. இடது பக்கம் திரும்பிப் பார்க்கிறேன், கன்டெய்னர் லாரி வலது பக்கத்தில் நிற்கிறது. டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "இன்னாடா, காது கேக்கல?" என்று கத்தினார். உண்மையாகவே கேட்கவில்லை.

பிறகு தெரிந்துகொண்டேன். சத்தம் எந்தத் திசையில் இருந்து வருகிறது என்பதை மூளை இரண்டு காதையும் ஒப்பிட்டுத்தான் கண்டுபிடிக்கிறது. எந்தக் காதுக்கு முதலில் வந்தது, எந்தக் காதில் அதிகமாக இருக்கிறது என்று பார்க்கும். ஒரு காது மூடிவிட்டால் அந்தக் கணக்கே தப்பாகிவிடும்.

லாரி விஷயம் வீட்டில் தெரிந்ததும் அம்மா பயந்துவிட்டது. மறுநாள் அப்பா நைட் ஷிஃப்ட் முடித்து ஏழரை மணிக்கு வந்தவர், தூங்காமல் அப்படியே என்னைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்.

அங்கே காது மூக்கு தொண்டை டாக்டர் ஒரு மேடம். முகத்தில் மாஸ்க் போட்டிருந்தார்கள். "சளி பிடிச்சிருந்துச்சா? காதுல சீழ் வந்துச்சா? காதுல ஓட்டை இருக்குன்னு முன்னாடி யாராச்சும் சொல்லியிருக்காங்களா?" என்று என்னைக் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். முனையில் லைட் வைத்த சின்னக் கருவியால் உள்ளே பார்த்தார்கள். "குறும்பிதான். சுவர் எழுப்பின மாதிரி இருக்கு. நீயே பட்ஸால கெட்டிச்சு வெச்சிருக்க" என்றார்கள்.

குறும்பி அழுக்கு இல்லையாம். காது தானே சுரக்கிற காவலாம். தூசியைப் பிடிக்கும், பூச்சியைத் தடுக்கும், தோல் ஊறிப் போகாமல் பார்த்துக்கொள்ளும். காதுத் துவாரத்தின் தோல் உள்ளே இருந்து வெளியே மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கும். நாம் மெல்லும்போதும் பேசும்போதும் தாடை அசைவதும் அதற்கு உதவும். பழைய குறும்பி தானாகவே வாசலுக்கு வந்து உதிர்ந்துவிடும். "வாசலுக்கு வந்த குப்பையை யாராச்சும் பெருக்கி மறுபடியும் வீட்டுக்குள்ள தள்ளுவாங்களா? பட்ஸ் அந்த வேலையைத்தான் செய்யுது" என்றார்கள் மேடம். ஏரித் தண்ணீர் பட்டதும் குறும்பி ஊறிப் பெருத்துவிட்டது. மீதியை என் படிப்பறிவு முடித்துவைத்தது.

மேடம் மருந்துச் சீட்டு எழுதிக்கொண்டே அப்பாவிடம் கேட்டார்கள்: "பையனுக்கு அலர்ஜி ஏதாவது இருக்கா?"

அப்பா சந்தோஷமாகச் சொன்னார்: "எனர்ஜி எல்லாம் நல்லா இருக்குங்க மேடம். ரன்னிங் ரேஸ்ல பிரைஸ் எல்லாம் வாங்குவான்."

நர்ஸ் அக்கா சிரித்துவிட்டார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது. டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. பேனாவை வைத்துவிட்டு, மாஸ்க்கைக் கீழே இறக்கி, அப்பாவின் முகத்தைப் பார்த்து நிதானமாகக் கேட்டார்கள்.

"நீங்க எங்க வேலை பாக்குறீங்க?"

"கம்பெனியில மேடம். பிரஸ் ஷாப்."

"எத்தனை வருஷமா?"

"பதினேழு வருஷம் ஆச்சுங்க."

"ஷிஃப்ட் முடிச்சு வந்தா காது அடைச்ச மாதிரி இருக்குமா? உள்ள 'ங்ங்' னு சத்தம் வருமா?"

"முன்ன எல்லாம் இருக்கும். தூங்கி எழுந்தா சரியாப் பூடும். இப்ப அது பழகிப் போச்சு மேடம்."

டாக்டர் அப்பாவின் இரண்டு காதையும் பார்த்தார்கள். பிறகு சொன்னதை நான் மறக்கவே மாட்டேன். "உங்க பையன் காதுல அடைப்பு இருக்கு. அஞ்சு நாள் சொட்டு மருந்து போட்டா கரைஞ்சிடும், எடுத்துடலாம். உங்க காதுல அடைப்பு எதுவும் இல்ல. சுத்தமா இருக்கு. எனக்கு அதுதான் கவலை."

வாசகர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் பாடம் நடத்துகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

காது மூன்று அறை உள்ள வீடு மாதிரி. வெளிக்காதின் துவாரம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளம். அதன் முடிவில் செவிப்பறை. அதற்கு அந்தப் பக்கம் நடுக்காது. அங்கே சுத்தி, பட்டடை, அங்கவடி என்று மூன்று குட்டி எலும்புகள். அங்கவடிதான் நம் உடம்பிலேயே சின்ன எலும்பு, மூன்று மில்லிமீட்டர் அளவுதான். சுத்தி, பட்டடை என்ற பெயரைப் படித்ததும் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அப்பாவின் காதுக்குள்ளேயே ஒரு பட்டறை! மூன்றாவது அறை உள்காது. அங்கே நத்தை ஓடு மாதிரிச் சுருண்ட காக்லியா. அதற்குள் ஒரு காதுக்கு ஏறக்குறைய 15,000 மயிர் செல்கள். ஒலியின் அசைவை நரம்புக்குச் செய்தியாக மாற்றுவது அவைதான்.

இந்த மூன்று அறையில் எதில் கோளாறு வந்தாலும் நமக்குத் தோன்றுவது ஒன்றுதான்: "காது அடைச்சிருக்கு."

முதல் அறையில் வந்தது என் அடைப்பு. குறும்பியும் தண்ணீரும்.

இரண்டாவது அறை அடைப்பு நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஏலகிரி டூர் ஞாபகம் இருக்கிறதா? 14 கொண்டை ஊசி வளைவு. ஏழாவது எட்டாவது வளைவில் பஸ்ஸில் எல்லோரும் காதைப் பிடித்துக்கொண்டோம். கடல் மட்டத்தில் இருந்து ஆயிரம் மீட்டர் ஏறினால் வெளியே காற்றழுத்தம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். நடுக்காதில் இருக்கும் காற்றோ கீழே இருந்த அழுத்தத்திலேயே இருக்கும். அது செவிப்பறையை வெளிப்பக்கம் தள்ளும். அதுதான் அந்த அடைப்பு. நடுக்காதில் இருந்து மூக்கின் பின்பக்கத்துக்கு ஒரு மெல்லிய குழாய் போகிறது. பெரியவர்களுக்குச் சுமார் மூன்றரை சென்டிமீட்டர் இருக்கும். 16-ஆம் நூற்றாண்டில் அதை விவரமாக எழுதிய இத்தாலி நாட்டு யூஸ்டாக்கியோ பெயரால் அது யூஸ்டேஷியன் குழல். எப்போதும் மூடியிருக்கும். விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் ஒரு நொடி திறக்கும். பெப்பர்மின்ட் சப்பியதும் காது திறந்தது மந்திரம் இல்லை. எச்சில் விழுங்கினோம், குழல் திறந்தது, அவ்வளவுதான். மூக்கைப் பிடித்துக்கொண்டு, வாயை மூடி, மெதுவாக ஊதுகிற முறைக்கு வல்சால்வா என்று பெயர். 1704-ல் காதைப் பற்றிப் புத்தகம் எழுதிய இத்தாலி டாக்டரின் பெயர் அது.

சளி பிடித்தால் இந்தக் குழல் வீங்கிக்கொள்ளும். அப்போது தரையிலேயே காது அடைக்கும். சளி போனதும் பெரும்பாலும் தானாகச் சரியாகும். அந்த நேரத்தில் பலமாக மூக்கைச் சிந்தவோ ஊதவோ கூடாது. சின்னப் பிள்ளைகளுக்கு இந்தக் குழல் குட்டையாகவும் படுக்கையாகவும் இருப்பதால்தான் அடிக்கடி காதுவலி வருகிறது.

மூன்றாவது அறையில் வருவது அப்பாவின் அடைப்பு. பெரிய சத்தத்தில் பல மணி நேரம் நின்றால் மயிர் செல்கள் சோர்ந்துவிடும். வெளியே வந்ததும் பஞ்சு வைத்த மாதிரி இருக்கும், இரையும். சில மணி நேரத்தில், சில சமயம் ஒன்றிரண்டு நாளில், தெளிந்துவிடும். திருவிழாவில் ஸ்பீக்கர் பாக்ஸ் பக்கத்தில் ஆடிவிட்டு வந்த இரவு நமக்கும் இருக்குமே, அதேதான். நாம் "சரியாயிடுச்சு" என்று விட்டுவிடுகிறோம். ஆனால் தினம் தினம் சோர வைத்தால் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப் போகும். செத்தது மறுபடி முளைக்காது. ஒரு வேடிக்கை கேளுங்கள்: கோழிக்கு முளைக்குமாம். மனுஷனுக்கு இல்லை.

எவ்வளவு சத்தம் அதிகம்? ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் என்றால் 85 டெசிபல் வரை என்பது உலகம் முழுக்கப் பலர் பின்பற்றும் அளவு. நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகளில் நெடுங்காலம் 90 என்று இருந்தது. டெசிபல் கணக்கு நம் மார்க் கணக்கு மாதிரி இல்லை. 3 டெசிபல் கூடினாலே ஒலியின் ஆற்றல் இரண்டு மடங்கு. அதனால் நேரத்தைப் பாதியாக்க வேண்டும். 88 என்றால் 4 மணி நேரம், 91 என்றால் 2 மணி நேரம், 94 என்றால் 1 மணி நேரம். 100 என்றால் 15 நிமிஷம்தான்! தகடு அடிக்கிற பிரஸ் ஓடும் இடத்தில் 100 வருவது அதிசயம் இல்லை.

இது புது நோயும் இல்லை. செம்புப் பாத்திரம் அடிப்பவர்களுக்குக் காது மந்தமாவதை இத்தாலி டாக்டர் ராமஸினி 1713-லேயே எழுதிவிட்டார். 1886-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் தாமஸ் பார் என்ற டாக்டர், கப்பலுக்குக் கொதிகலன் செய்யும் 100 தொழிலாளர்களைச் சோதித்தார். ஒருவருக்குக்கூடக் காது சரியாக இல்லை. நம் நாட்டில் 1948-ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில், சத்தத்தால் வரும் காது கேளாமையும் இருந்தது. அதற்குப் பதிலாக 2020-ல் இயற்றிய தொகுப்புச் சட்டத்தின் பட்டியலிலும் இருக்கிறது. அதாவது இது காசநோய் மாதிரி, சர்க்கரை மாதிரி ஒரு நோய். கேட்காதது அப்பாவின் அலட்சியம் இல்லை.

இது எனக்கு முன்பே தெரிந்திருந்தால் நான் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்க மாட்டேன்.

என்ன வார்த்தை என்று சொல்லத்தான் வேண்டும். எங்க வீட்டில் ஒரு வருஷமாகவே சண்டை. "பால் வாங்கணும்" என்று அம்மா சொன்னால் "கால்ல இன்னா?" என்பார் அப்பா. "நான் சொல்றது எதுவும் உங்க காதுல ஏறாது, உங்களுக்கு அக்கறை இல்ல" என்று அம்மா அழும். டிவி சத்தம் தெரு முனை வரைக்கும் கேட்கும். என் தங்கச்சி இரண்டாம் வகுப்பு. கீச்சுக் குரல். ஸ்கூல் கதை எல்லாம் அப்பாவிடம் சொல்லிக்கொண்டே இருப்பாள். அவர் "ம்ம், ம்ம்" என்று சிரிப்பார். ஒரு நாள், "டீச்சர் என்னை அடிச்சுட்டாங்கப்பா" என்று சொல்லும்போதும் அவர் "ம்ம்" என்று சிரித்தார். அன்றிலிருந்து அவள் அப்பாவிடம் சொல்வதை விட்டுவிட்டாள். "அண்ணா, நீ கேளு" என்று என்னிடம் வந்துவிடுவாள்.

மழைக்கு முன்னால் ஒரு நாள் நண்பர்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது நான் அப்பாவை மூன்று தடவை கூப்பிட்டேன். அவர் திரும்பவில்லை. "விடுங்கடா, டமாரச் செவிடு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவுக்கு முதுகு. அவருக்குக் கேட்கவில்லை. கேட்காது என்ற தைரியத்தில்தான் சொன்னேன். அடுப்படியில் இருந்த அம்மாவுக்குக் கேட்டது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, என்னைப் பார்த்தது. அவ்வளவுதான்.

மூன்று நாள் ஒரு காது போனதற்கே வகுப்பு சிரித்தபோது எனக்கு எப்படி இருந்தது? அப்பா எத்தனை வருஷமாக அப்படி இருந்திருப்பார்?

டாக்டர் சொன்னபடி, பெரிய ஆஸ்பத்திரியில் அப்பாவுக்கு ஆடியோகிராம் எடுத்தோம். சத்தம் நுழையாத சின்ன அறை. அப்பா ஹெட்போன் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். சத்தம் கேட்டால் விரல் தூக்க வேண்டும். கண்ணாடி வழியாக நான் பார்த்தேன். அந்த அம்மா மெஷினில் பட்டனைத் திருப்பிக்கொண்டே இருந்தார்கள். அப்பா விரலைப் பாதி தூக்கி வைத்துக்கொண்டு, பதில் தெரியாத பையன் மாதிரி, எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்தது.

ரிசல்ட் நம் கிராஃப் பேப்பர் மாதிரியே இருந்தது. கோடு நேராகப் போய் 4,000 ஹெர்ட்ஸ் கிட்ட குழியில் விழுந்தது. சத்தத்தால் கெடும் காதுக்கு அதுதான் அடையாளமாம். கீச்சொலிகள் முதலில் போகும். அதனால்தான் கனமான குரலில் பேசும் தாத்தாக்களோடு அப்பாவுக்குப் பிரச்சினை இல்லை. அம்மாவின் குரலும் தங்கச்சியின் குரலும்தான் நழுவுகிறது. 'பால்' என்பதில் 'ஆ' கேட்கும், 'ப்' கேட்காது. அதனால்தான் பால் காலாகிறது. சத்தமாகக் கத்தினாலும் பயன் இல்லை. எதிரில் வந்து, முகம் தெரிய, நிதானமாகப் பேச வேண்டும். மாஸ்க் போட்ட டாக்டரின் 'அலர்ஜி' ஏன் 'எனர்ஜி' ஆனது என்று இப்போது உங்களுக்கும் புரிந்திருக்கும். அப்பா இத்தனை நாள் எங்கள் உதட்டைப் பார்த்துத்தான் பாதி கேட்டிருக்கிறார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது கேட்டேன்: "கம்பெனியில வருஷா வருஷம் செக்கப் பண்றாங்களேப்பா, சொல்லக் கூடாதா?"

"கேக்குதான்னு கேப்பாங்க. கேக்குதுன்னு தலையாட்டிடுவேன். காண்ட்ராக்ட் வேலைடா. கேக்கலன்னு சொல்லி, நாளைக்கு வராதன்னு சொல்லிட்டா?"

"காதுக்கு வைக்கிறது எதுவும் குடுக்கலையா?"

அப்பா சட்டைப் பையில் இருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தார். உள்ளே மஞ்சள் நிற ஸ்பாஞ்ச் இயர் பிளக். பிரிக்கவே இல்லை. "குடுக்கறாங்க. இதை வெச்சா காது அடைச்ச மாதிரி இருக்குடா. சூப்பர்வைசர் கூப்பிட்டா தெரியல. ஃபோர்க்லிஃப்ட் பின்னால வந்தா தெரியலன்னு பயமா கீது" என்றார்.

காது அடைத்ததற்காக வைத்தியம் பார்த்துவிட்டு வருகிறோம். இவரோ காதை அடைக்க மாட்டேன் என்கிறார்! ஆனால் விஷயம் அதுதான். சத்தம் அடைக்காமல் இருக்க வேண்டும் என்றால் நாமே அடைத்துக்கொள்ள வேண்டும். நாமே வைக்கிற அடைப்பைச் சாயங்காலம் எடுத்துவிடலாம். சத்தம் வைக்கிற அடைப்பை எடுக்க முடியாது.

அன்று ராத்திரி எங்க வீட்டில் பிராக்டிகல் கிளாஸ். டாக்டர் சொல்லிக்கொடுத்தபடி நான் அப்பாவுக்குச் செய்து காட்டினேன். முதலில் கையைக் கழுவ வேண்டும். ஸ்பாஞ்ச்சை விரலால் உருட்டி மெல்லிய பீடி மாதிரி ஆக்க வேண்டும் ("உவமை நல்லா கீதுடா" என்றது ஆயா). இன்னொரு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்தால் துவாரம் நேராகும். உடனே உள்ளே விட்டு, அது விரியும் வரை முப்பது எண்ணும் நேரம் விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். அப்பா இத்தனை நாளும் பாட்டிலுக்கு மூடி போடுகிற மாதிரி வாசலில் மட்டும் வைத்திருக்கிறார். அப்படி வைத்தால் பயன் மிகவும் குறைவு.

சரியாக வைத்ததும் அப்பா, "என் குரலே எனக்குப் பெருசா கேக்குது!" என்றார். "எனக்கும் ஏரியில குளிச்சப்ப அப்படித்தான்பா இருந்துச்சு. அப்படிக் கேட்டா சரியா வெச்சிருக்கேன்னு அர்த்தம்" என்று நேரில் நின்று சொன்னேன். தங்கச்சியும் ஒன்றைக் கேட்டு அடம் பிடித்தாள்.

ஃபோர்க்லிஃப்ட் பயத்துக்கு எங்களிடம் பதில் இல்லை. அதை அப்பா தன் லைனில் பேசித்தான் தீர்க்க வேண்டியிருந்தது. பக்கத்து மெஷின்காரர் கையைத் தட்டிக் கூப்பிடுவது, வண்டி வரும் பாதைக்கு முதுகு காட்டாமல் நிற்பது என்று நாலு பேர் சேர்ந்து ஏற்பாடு செய்துகொண்டார்கள். அந்த நாலு பேரில் இரண்டு பேருக்கு இதே காது அடைப்பு இருந்ததாம். யாரும் யாரிடமும் சொன்னதில்லை. இந்த வருஷ செக்கப்பில் அப்பா ஆடியோகிராம் பேப்பரை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினார். காட்டிவிட்டு வந்த அன்று அம்மா ராத்திரி தூங்கவில்லை. இதை எழுதுகிற வரைக்கும் வேலை இருக்கிறது. பிரஸ்ஸுக்கு அருகில் இருந்து கொஞ்சம் தள்ளி, பீஸ் செக் பண்ணும் இடத்துக்கு மாற்றியிருக்கிறார்கள்.

இதற்கிடையில் ஐந்து நாள் சொட்டு மருந்துக்குப் பிறகு என் காதையும் சுத்தம் செய்தார்கள். உடம்புச் சூட்டு அளவு வெதுவெதுப்பான தண்ணீரை சிரிஞ்சால் பீய்ச்சினார்கள். தண்ணீர் ஜில் என்று இருந்தால் தலை சுற்றிவிடுமாம். நாம் விழாமல் நிற்க உதவும் உறுப்பும் உள்காதில்தான் இருக்கிறது. பழுப்பு நிறத்தில் புளிக்கொட்டை அளவுக்கு ஒன்று ட்ரேயில் விழுந்தது. உடனே உலகம் திறந்தது! ஃபேன் சத்தம், நர்ஸ் அக்கா வளையல் சத்தம், வெளியே யாரோ டோக்கன் நம்பர் கூப்பிடும் சத்தம். இவ்வளவு சத்தம் இருக்கிறதா என்று பிரமித்துப் போனேன்.

அப்பாவுக்கு அப்படித் திறக்கவில்லை. போனது போனதுதான். இன்னும் குறைந்தால் காது கேட்கும் மெஷின் உதவும், வருஷம் ஒரு தடவை சோதித்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். ஆனால் மூன்றாவது வாரம் ஒரு நாள் சாயங்காலம் அப்பா செருப்பைக் கழற்றிக்கொண்டே, "இன்னிக்கு காது அடைக்கல" என்றார். அம்மா அவருக்கு எதிரில் வந்து நின்று, "காப்பி வேணுமா?" என்று கேட்டது. "வேணும்" என்றார். சரியான கேள்விக்குச் சரியான பதில்! நாங்கள் எல்லோரும் கை தட்டினோம்.

தங்கச்சி இப்போது அப்பாவின் மடியில் அவரைப் பார்த்தபடி உட்கார்ந்து, இரண்டு கையாலும் அவர் தாடையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டுதான் கதை சொல்கிறாள்.

நண்பர்களுக்குச் சில வார்த்தைகள் (நோட்டில் எழுதிக்கொள்ளலாம்):

1. காதுக்குள் பட்ஸ், ஊக்கு, சாவி, தீக்குச்சி வேண்டாம். வெளி மடலை மட்டும் துண்டால் துடைத்தால் போதும்.

2. காதில் சீழ், வலி, ஓட்டை இருந்தால் எண்ணெயோ தண்ணியோ சொட்டு மருந்தோ நீங்களாக விடாதீர்கள். டாக்டரிடம் போங்கள்.

3. மலை ஏறும்போது, விமானத்தில் இறங்கும்போது விழுங்குங்கள், மெல்லுங்கள், கொட்டாவி விடுங்கள்.

4. திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் 'குறும்பிதான், நாளைக்குப் பார்க்கலாம்' என்று இருக்காதீர்கள். அது நரம்புக் கோளாறாகவும் இருக்கலாம். அன்றே போனால்தான் காப்பாற்ற வாய்ப்பு அதிகம்.

5. சத்தத்துக்குப் பிறகு காது அடைத்தால், "பழகிப் போச்சு" என்று சொல்லாதீர்கள். காது பழகாது, கெட்டுத்தான் போகும். இயர்போனில் பாட்டுக் கேட்கும் நமக்கும் இது பொருந்தும்.

6. வீட்டில் கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள் இருந்தால், இன்று சாயங்காலம் அவர்கள் வந்ததும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "காது அடைச்சிருக்கா?"

கடைசியாக ஒன்று. பலகையில் ஒட்டுவதற்கு முன்னால் இந்தக் கட்டுரையை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். லைட்டுக்கு நேராக, அவர் எதிரில் உட்கார்ந்து, ஒவ்வொரு வரியாக. அந்த 'டமாரம்' வரி வந்ததும் நிறுத்திவிட்டேன். அடித்துவிடலாம் என்று பேனாவை எடுத்தேன்.

அப்பா என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "படி" என்றார். படித்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து, "அதுவும் இருக்கட்டும்டா" என்றார்.

அதனால் அது இருக்கிறது.

இப்படிக்கு,
11-ஆம் வகுப்பு மாணவன்,
உயிரியல் பிரிவு

பி.கு.: என்னிடம் மீதி இருந்த பட்ஸ் டப்பாவை ஓவிய ஐயாவிடம் கொடுத்துவிட்டேன். மேலே உள்ள காது படத்துக்கு வண்ணம் தீட்டியது அதில்தான். நல்ல உபயோகம்!